பாலைப் பதப்படுத்தலும் பொதிதலும்

பதப்படுத்திய பால் என்பது, கறந்த பாலைச் சூடாக்கி நோய்க்கிருமிகளை ஒழித்து, குளிர்வித்து, காற்றும் தூசும் தீண்டாத உறையில் அடைத்து விற்கப்படும் பால். அதன் சுவை, மணம், சத்து, கெடாமல் நிற்கும் காலம் ஆகியவற்றைச் சூட்டின் அளவும் உறையின் தன்மையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கறந்த பாலின் இயல்பு

பசும்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு நீர். எஞ்சியவை கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள், உயிர்ச்சத்துகள். நமக்கு உணவாகும் இவை நுண்ணுயிர்களுக்கும் உணவு. கறந்த சூட்டோடு விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் பால் புளிக்கத் தொடங்கும். காசநோய், புருசெல்லோசிஸ் போன்றவை பச்சைப் பால் வழியாகவும் பரவும். எனவே கறந்த பாலை ஏறத்தாழ 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கிறார்கள். குளிர் கிருமிகளைக் கொல்லாது. அவை பெருகுவதை மந்தப்படுத்தும்.

சூடாக்கும் முறைகள்

மிதமான சூட்டால் திராட்சை மது கெடுவதைத் தடுக்கலாம் என்று பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1860களில் காட்டினார். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் 1886இல் அம்முறையைப் பாலுக்குப் பரிந்துரைத்தார். பாஸ்டர் முறையில் பாலை 63 டிகிரியில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 நொடியோ வைத்து, உடனே குளிர்விக்கிறார்கள். போதிய சூடு ஏறியதா என்பதை, பாலில் இயற்கையாக உள்ள பாஸ்படேஸ் நொதி அழிந்துவிட்டதா என்று சோதித்து அறியலாம். சில பாக்டீரியாக்களின் வெப்பம் தாங்கும் வித்துகள் இம்முறையில் சாவதில்லை. அதனால்தான் பாக்கெட் பாலைக் குளிரிலேயே வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

மீயுயர் வெப்ப முறையில் பால் 135 டிகிரிக்கு மேல் ஓரிரு நொடிகள் சூடாக்கப்படுகிறது. வித்துகளும் அழிவதால், கிருமி நீக்கிய உறையில் அடைத்த பால் குளிர்ப்பெட்டி இல்லாமலே பல மாதம் தாங்கும்.

தரத்தில் நேரும் மாற்றங்கள்

இரு முறைகளிலும் சுண்ணாம்புச் சத்தும் புரதத்தின் அளவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பி1, பி12, ஃபோலேட், சி ஆகிய உயிர்ச்சத்துகள் ஓரளவு குறையும். மீயுயர் வெப்பத்தில் மோர்ப்புரதங்கள் உருக்குலைந்து, கந்தக நெடியுடன் காய்ச்சிய வாசனை எழும். சர்க்கரையும் புரதமும் வினைபுரிவதால் நாள்பட்ட பாலில் லேசான பழுப்பு நிறம் தோன்றலாம். இந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சற்றுத் தளர்வாகவே தோயும்.

பிரெஞ்சுக்காரரான ஓகுஸ்த் கோலான் 1899இல் காப்புரிமை பெற்ற கருவி, பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்துளை வழியே செலுத்திக் கொழுப்புத் துளிகளை உடைக்கிறது. துளிகள் சிறுத்துப் பால் முழுதும் பரவிவிடுவதால் மேலே ஆடை திரள்வதில்லை. குடிக்கும்போதும் பால் கெட்டியாகத் தோன்றும்.

உறையின் பங்கு

பாலுக்குப் பெரும் பகை வெளிச்சம். பி2 உயிர்ச்சத்து ஒளியை ஈர்த்துத் தானும் சிதைந்து, புரதத்தையும் கொழுப்பையும் கெடுக்கிறது. தீய்ந்த நெடி அதன் அடையாளம். வெயிலிலோ கடையின் விளக்கொளியிலோ கிடக்கும் கண்ணாடிப் புட்டியில் இக்கேடு விரைவாக நேரும். பாலித்தீன் பை மலிவானது, எடை குறைந்தது. ஆனால் குளிர் இல்லாமல் அது பாலைக் காக்காது. உட்புறம் கருப்புப் படலம் கொண்ட பைகள் ஒளியை நன்கு தடுக்கும்.

சுவீடனின் லுண்ட் நகரில் 1951இல் ரூபன் ரவுசிங் தொடங்கிய டெட்ரா பாக் நிறுவனம், 1961இல் கிருமி நீக்கிப் பால் அடைக்கும் காகிதப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. இப்பெட்டியில் காகித அட்டை உறுதியைத் தருகிறது; பாலித்தீன் கசிவைத் தடுக்கிறது; மெல்லிய அலுமினியத் தாள் ஒளியையும் ஆக்சிஜனையும் மறிக்கிறது. பல பொருட்கள் ஒட்டியிருப்பதால் இதை மறுசுழற்சி செய்வது கடினம். பெட்டியைத் திறந்துவிட்டால் இந்தப் பாலையும் குளிரில் வைத்து விரைவில் பயன்படுத்திவிட வேண்டும்.

தரத்தின் எல்லை

குளிர்ந்த பாலிலும் வளரும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் சூட்டில் மடிந்தாலும், அவை சுரந்த நொதிகள் மீயுயர் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். பெட்டிக்குள் கிருமியே இல்லாதபோதும் பால் கசப்பதற்கும் கெட்டிப்படுவதற்கும் இவை காரணமாகின்றன. பதப்படுத்தல் பாலின் ஆயுளை நீட்டும்; உறை எஞ்சிய தரத்தைக் காக்கும். தொழுவத்தில் இழந்த தரத்தை இவ்விரண்டும் மீட்டுத் தருவதில்லை.