எழுத்து மலையாளம், இசை தமிழ்

பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டுமன்று, மொழிகளும் நெடுங்காலமாகப் போய்வந்திருக்கின்றன. கணவாயின் கீழ்த்திசையில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைக்கு அண்மையில் உள்ளது சித்தூர். பாடகி பி. லீலா 1934-இல் அவ்வூரில் பிறந்தார். தாய்மொழி மலையாளம், ஆயினும் அவர் திரைக்கு முதன்முதல் பாடியது தமிழில், 'கங்கணம்' என்னும் படத்திற்காக.

அந்நாளில் அவருக்குத் தமிழ் நன்கு பழகவில்லை. பாட்டை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். உச்சரிப்பை வடக்கஞ்சேரி இராமபாகவதரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார். 1955-இல் வெளிவந்த 'மிஸ்ஸியம்மா' படத்தில் அவருடன் பாடிய ஏ. எம். ராஜா, ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர், தெலுங்கர். 1958-இல் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் நடனப் போட்டிப் பாட்டை லீலாவோடு பாடிய ஜிக்கியும் தெலுங்கரே. இவர்கள் குரலைக் கேட்ட தமிழர் எவரும் அயலார் தமிழ் என்று ஒதுக்கவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதிப் பாடுவதைக் கண்டு நாம் வருந்துகிறோம். வருத்தத்திற்குக் காரணம் உண்டு. மலையாள எழுத்தில் ழகரமும் றகரமும் உள்ளன. இந்தியின் வழக்கமான எழுத்துகளில் அவை இல்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் அமர்ந்து ஒலியைச் சொல்லித்தரும் ஒருவர் இன்னும் கூடுதலாகத் தேவை.

லீலா 2005-இல் மறைந்தார். மறு ஆண்டு பத்மபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது. எழுத்தை இரவல் பெறலாம். ஒலியை இரவல் பெற இயலாது. அதைத் தர வேண்டியவர் நாமே.