கொப்பரையில் கிடைத்த எண்

ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள எஃகுக் குழல். அதன்மேல் ஓர் எண்ணும், திருப்பி அனுப்புவோருக்குப் பரிசு உண்டு என்ற அறிவிப்பும், லண்டன் முகவரியும் பொறிக்கப்பட்டிருக்கும். மூச்சுவிட மேலெழும் திமிங்கலத்தின் முதுகில் இதைத் துப்பாக்கியால் சுடுவார்கள். குழல் கொழுப்பைத் துளைத்துத் தசைக்குள் புதைந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. அந்த எண்ணை மறுபடி ஒருவர் படிக்க வேண்டுமானால், திமிங்கலம் கொல்லப்பட்டு அறுக்கப்பட வேண்டும்.

'டிஸ்கவரி குறி' என்று பெயர்பெற்ற இக்கருவி வேட்டைத் தொழிலின் மடியில் பிறந்தது. அண்டார்க்டிக் கடல்களில் திமிங்கலங்கள் தீர்ந்துவிடுமோ என்ற கவலையில், 1920களில் பிரிட்டிஷ் அரசு 'டிஸ்கவரி குழு'வை அமைத்தது. ஆய்வுக்கான பணம் திமிங்கல எண்ணெய் மீதான வரியிலிருந்து வந்தது. 1925 முதல் தெற்கு ஜார்ஜியா தீவில், கொழுப்பை உரித்தெடுக்கும் மேடையருகே நின்று விஞ்ஞானிகள் சடலங்களை அளந்தார்கள். வயிற்றில் இருந்த இரை, கருப்பையில் இருந்த சிசு என எல்லாம் குறிப்பேட்டில் ஏறின. ஆனால் அந்த விலங்கு எங்கிருந்து வந்தது, எங்கே போகவிருந்தது என்பதைச் சடலம் சொல்லவில்லை.

அதற்காகவே குறி. முதலில் செய்த சிறு குறிகள் கொழுப்பில் நிற்காமல் உதிர்ந்தன. 1932 முதல் நீண்ட குழல் பயனுக்கு வந்தது. 'வில்லியம் ஸ்கோர்ஸ்பி' என்ற கப்பல் இதற்கென்றே கடலில் அலைந்தது. இரண்டாம் உலகப்போருக்குள் சுமார் 5,000 திமிங்கலங்கள் குறியிடப்பட்டன. திரும்பிவந்த குறிகளில் சில, கொழுப்பு காய்ச்சும் கொப்பரையின் அடியில் கிடைத்தவை. எண் மிஞ்சியது, எந்த உடலிலிருந்து வந்தது என்ற விவரம் கரைந்துபோயிருந்தது. எனினும், திமிங்கலங்கள் ஆண்டுதோறும் அதே இரைப்பரப்புகளை நாடித் திரும்புகின்றன என்பதைக் காட்டியவை இந்தக் குழல்களே. அறிவு வளர்ந்தது, வேட்டை ஓயவில்லை. 1930-31 பருவத்தில் மட்டும் அங்கே 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன.

சாவைக் கேட்காத குறி ஒன்று திமிங்கலத்தின் உடலிலேயே இருந்தது. 1970களின் தொடக்கத்தில், கனடாவின் மேற்குக் கரையில் மைக்கேல் பிக் என்ற விஞ்ஞானி ஓர்க்காக்களை எண்ணும் பணியை ஏற்றார். காட்சிச்சாலைகளுக்காக அவை வலைவீசிப் பிடிக்கப்பட்டுவந்த காலம் அது. முதுகுத் துடுப்பின் வெட்டும் வடுவும், அதன் பின்னால் உள்ள சாம்பல் திட்டும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியானவை என்பதைப் புகைப்படங்களைக் கொண்டு அவரும் சகாக்களும் நிறுவினர். ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நம்பப்பட்டவை சில நூறே இருந்தன. பிள்ளைகள் ஆயுள் முழுதும் தாயை விட்டுப் பிரியாத குடும்பங்களும் அந்தப் படங்களில் தெரியவந்தன. எழுத்தும் எண்ணுமாக ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பெயர் கிடைத்தது.

பின்னர் வந்த கருவிகள் இன்னும் இலகுவாகத் தொட்டன. குறுக்குவில்லில் எய்யும் உள்ளீடற்ற முனையுள்ள அம்பு, சிறுதுண்டு தோலையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு நீரில் மிதக்கும். பாலினம், உறவுமுறை, கருவுற்ற நிலை ஆகியவற்றை அத்துண்டிலிருந்தே அறியலாம். மார்க் ஜான்சனும் பீட்டர் டையாக்கும் உருவாக்கிய 'டி-டேக்' உறிஞ்சுகிண்ணங்களால் ஒட்டிக்கொண்டு, ஆழத்தையும் அசைவையும் ஒலியையும் பதிந்து, சில மணி நேரத்தில் தானே கழன்றுவிடும். திமிங்கலத்தின் மூச்சுத் தூவலை இன்று ட்ரோன் ஏந்திவருகிறது.

இம்மாற்றம் நீதிமன்றத்திலும் எதிரொலித்தது. ஆய்வுக்காகவே கொல்கிறோம் என்ற ஜப்பானின் வாதத்தை, ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில் 2014ஆம் ஆண்டு சர்வதேச நீதிமன்றம் ஏற்கவில்லை. கொல்லாத வழிகளைப் போதிய அளவு ஆராயவில்லை என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று.

இத்துடன் கணக்குத் தீர்ந்ததா? 2016 பிப்ரவரியில், அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் எல்-95 என்ற இருபது வயது ஆண் ஓர்க்காவின் துடுப்பில் செயற்கைக்கோள் குறியைச் செலுத்தினர். முதல் முயற்சியில் கடலில் விழுந்த கருவி அது. மறுபடி எய்யுமுன் விதிப்படி முழுமையாகக் கிருமிநீக்கம் செய்யப்படவில்லை. சில வாரங்களில் எல்-95 இறந்து கிடந்தது. குறியின் உடைந்த துண்டுகள் துடுப்பில் இருந்தன. அந்தக் காயம் வழியே பூஞ்சைத் தொற்று பரவி மரணத்துக்குக் காரணமாகியிருக்கலாம் என்று வல்லுநர் குழு கருதியது. அத்தகைய குறியிடல் நிறுத்திவைக்கப்பட்டது.

எல்-95 என்பதே பிக் தொடங்கிவைத்த முறையில் அமைந்த பெயர்தான். நூற்றுக்கும் குறைவான உயிர்களே எஞ்சிய கூட்டம் அது. குளிர்காலத்தில் அவை எங்கே செல்கின்றன என்று தெரிந்தால்தான் அந்தக் கடற்பரப்பைப் பாதுகாக்க முடியும். ஆகவே நோக்கத்தில் குற்றம் காண இயலாது. டிஸ்கவரி குழுவின் நோக்கமும் திமிங்கலங்கள் அழியாதிருக்க வேண்டும் என்பதே. அன்று ஐயாயிரம் குழல்களைச் சுட்டவர்கள், அவற்றால் இறந்தவை எத்தனை என்று எண்ண வழியில்லை. இன்று ஒன்று இறந்தால் அதற்குப் பெயர் இருக்கிறது, விசாரணை இருக்கிறது. எண்பது ஆண்டுகளில் நாம் கடந்த தூரம் அவ்வளவே. அது சிறிதல்ல, முழுமையும் அல்ல.