ஏழைக்கென்று வார்த்த சட்டி

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சட்டி. மாணவ நண்பர்கள் நகைக்க வேண்டா. மன்னர்கள் சூடிய பட்டங்களை ஆண்டுக் கணக்கோடு நெட்டுருச் செய்யும் நாம், மக்கள் வாங்கிய பாத்திரங்களின் கதையையும் சிறிது கேட்டால் நட்டம் ஒன்றும் இல்லை.

மேலைநாட்டார் இச்சட்டியை 'டச்சு ஓவன்' என்கின்றனர். டச்சுக்காரர் அடுப்பு என்பது அதன் பொருள். ஆயினும் அது அடுப்பன்று. கனத்த வார்ப்பிரும்பால் ஆகிய, இறுகப் பொருந்தும் மூடியை உடைய ஆழ்ந்த சட்டியே ஆகும். முற்காலத்தில் அதனைத் தணலின்மேல் இருத்தி, மூடியின்மேலும் தணலைக் கொட்டி, உள்ளே ரொட்டி சுட்டனர். அடுப்பின் வேலையைச் செய்தமையால் அடுப்பு என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இக்காலத்தில் அதன் உள்ளும் புறமும் எனாமல் பூசி விற்கின்றனர்.

2006-ஆம் ஆண்டு நவம்பரில், மாவைப் பிசையாமலே ரொட்டி சுடும் ஜிம் லேஹி என்பாரின் முறையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. அம்முறைக்கு வேண்டிய முதற் கருவி, நன்கு சுடவைத்த, மூடியுள்ள கனத்த பாத்திரம். அதன் பின்னர் இச்சட்டியைத் தேடியோர் பலர். தேடியோர் கண்டு திகைத்தது விலை. ஒரே அளவுள்ள இரு சட்டிகளுள் ஒன்று மற்றொன்றைவிட ஐந்து மடங்கு விலை பெறுகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? கைப்பொருள் குறைந்தவன் எதைப் பார்த்து வாங்குவது? இவ்விரு வினாக்கட்கும் விடை வரலாற்றிலேயே உண்டு என்பது என் எண்ணம்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நல்ல சட்டி என்றால் பித்தளைச் சட்டிதான். மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும். ஆனால் விலை மிகுதி. இரும்புச் சட்டியும் இருந்தது. அதனைக் களிமண் கலந்த சேற்று அச்சில் வார்த்தனர். ஒவ்வொரு சட்டிக்கும் அச்சைப் புதிதாகக் கட்டி உலர்த்த வேண்டும்; வேலையோ பெரிது, வெளிவரும் சட்டியோ முரட்டுத் தடிப்பு. பிரிஸ்டல் நகரில் பித்தளைத் தொழில் நடத்திய ஆபிரகாம் டார்பி (1678–1717) இதனைக் கண்டார். அவர் ஹாலந்து நாட்டுப் பித்தளை வார்ப்பாளரின் முறைகளை அறிந்தவர். ஈரமணலில் அச்செடுத்துப் பித்தளையை வார்ப்பதுபோல் இரும்பையும் வார்த்தால் என்ன என்பது அவர் எண்ணம். முதல் முயற்சிகள் தோற்றன. ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர், அவரிடம் வேலை பயின்றவர், தாமும் முயன்று பார்க்கலாமா என்று கேட்டாராம். கதவைத் தாழிட்டு, சாவித்துளையையும் அடைத்துக்கொண்டு, மறைவாக இத்தொழிலை நடத்தினர் என்று பின்னாளில் எழுதப்பட்ட செய்தி ஒன்று உண்டு. கதையில் எவ்வளவு மெருகேறியதோ அறியேன்; 1707-இல் டார்பி பெற்ற காப்புரிமை மட்டும் கதையன்று. களிமண் இன்றி மணலிலேயே வயிறு பருத்த இரும்புச் சட்டிகளை வார்க்கும் உரிமை அது. சட்டியை எளிதில் செய்து மலிவாக விற்பதே அதன் நோக்கம்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். மணலச்சின் சிறப்பு யாது? மாதிரியைப் பெட்டியில் வைத்து, ஈரமணலை இறுக்கி, மாதிரியை எடுத்துவிட்டால் அச்சு ஆயத்தம். இரும்பு உறைந்ததும் அச்சை உடைத்துவிடலாம். உதிர்ந்த மணல் அடுத்த அச்சுக்கு ஆகும். இன்று விலையுயர்ந்த சட்டிகளை விளம்பரம் செய்வோர், 'ஒவ்வொரு சட்டிக்கும் தனி அச்சு. ஒருமுறை வார்த்ததும் உடைத்துவிடுகிறோம்' என்று பெருமை பேசுகின்றனர். கேட்பவர் இதனை ஏதோ கிடைத்தற்கரிய கைவினை என்று எண்ணுவர். உண்மையில் மணல்வார்ப்பு என்றாலே அதுதான். மலிவுக்காகத் தோன்றிய முறையே இன்று ஆடம்பரத்தின் சான்றாகக் காட்டப்படுகிறது!

டார்பி பின்னர் கோல்புரூக்டேல் என்னும் ஊருக்குப் பெயர்ந்து, 1709-இல் மரக்கரிக்கு மாற்றாகக் கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். ஏனைய ஆலையினர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்முறையை நாடவில்லை. அவருக்கு மட்டும் அது பயன்பட்டதன் காரணம் சட்டியே. கற்கரி இரும்பில் சிலிக்கன் மிகுதி. அது உருகி நன்றாக ஓடும். ஆதலால் சுவர் மெல்லியதாக வார்க்க முடிந்தது. நீராவி எந்திரத்தின் உருளைகளும், 1779-இல் செவர்ன் ஆற்றின்மேல் நிறுத்திய இரும்புப் பாலமும் அவ்வூரின் பிற்காலப் புகழ். அவற்றுக்கெல்லாம் முன்னே சோறு போட்டது சட்டி வாணிகம்.

'டச்சு' என்னும் அடைமொழி டார்பி கற்ற முறையால் வந்தது என்பர் சிலர். டச்சு வணிகர் விற்றமையால் வந்தது என்பர் வேறு சிலர். அட்லாண்டிக் கடலைக் கடந்த இச்சட்டி அமெரிக்கக் குடியேறிகளின் பெருஞ்செல்வம் ஆயிற்று. ஜார்ஜ் வாஷிங்டனின் தாயார் 1788-இல் எழுதிய உயிலில், தம் இரும்புச் சமையற் பாத்திரங்களைப் பாதிப் பாதியாகப் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்து வைத்தார்.

இரும்புக்கு ஒரு குறை உண்டு. துருப்பிடிக்கும், புளிப்போடு ஒவ்வாது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் கறுக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். இக்குறையைப் போக்கவே எனாமல் வந்தது. எனாமல் என்பது வண்ணச் சாயம் அன்று, கண்ணாடி. கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் சுட்டால் அது உருகி இரும்போடு ஒன்றுகிறது. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியர் இதனை வார்ப்பிரும்பில் முயன்றனர். 1925-இல் பிரான்சின் வடபகுதியில் பிரெனுவா-லெ-கிராண் என்னும் ஊரில் வார்ப்பு வல்லுநர் ஆர்மான் தெசாகேர், எனாமல் வல்லுநர் ஒக்தாவ் ஒபெக் ஆகிய பெல்ஜியர் இருவர் கூடி 'லெ கிரூசே' ஆலையை நிறுவினர். மூசை என்பது அப்பெயரின் பொருள். உருகிய இரும்பின் செம்மஞ்சளே அவர்கள் சட்டியின் முதல் நிறம். 1974-இல் அல்சாஸ் பகுதியில் பிரான்சிஸ் ஸ்டாப் மற்றொரு வகையைத் தொடங்கினார். உள்ளே கறுப்பு எனாமலும், நீராவி துளித்துளியாய் உணவின்மேல் விழுமாறு மூடியின் அடியில் முனைகளும் உடையது அது. மலிவு வகைகளில் பெரும்பகுதி இப்போது சீனத்து வார்ப்பாலைகளிலிருந்து வருகிறது. 1896 முதல் இரும்பு வார்க்கும் அமெரிக்காவின் லாட்ஜ் நிறுவனமும் தன் எனாமல் சட்டிகளை அங்கே செய்வித்தது.

இனி, வாங்குவோன் செய்யத்தக்கது யாது? இரும்பில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை முதலில் மனத்திற்கொள்க. சட்டிக்குச் சூட்டைத் தேக்கி வைக்கும் ஆற்றலைத் தருவது அதன் கனம். நாட்டின் பெயர் அன்று. ஐந்து லிட்டர்ச் சட்டி மூடியோடு ஏறத்தாழ ஐந்து கிலோ நிறுக்கும். அதனினும் மிகக் குறைந்தால் ஐயுறுக. மிகக் கூடினால், குழம்பு நிறைந்தபின் தூக்க முடியுமா என்று உங்கள் மணிக்கட்டைக் கேளுங்கள். அடிப்பாகம் தட்டையா, சுவரின் தடிப்பு ஒரே சீரா, மூடி ஆடாமல் அமர்கிறதா என்று காண்க. கைப்பிடியில் துணியோடு விரல்கள் நுழைய வேண்டும். ரொட்டி சுடுவதாயின் மூடியின் குமிழ் உலோகமாக இருத்தல் நலம். பிளாஸ்டிக் குமிழ் பெருஞ்சூட்டைத் தாங்காது.

பணம் கூடுதலாகக் கொடுத்ததற்குப் பயன் உண்டென்றால் அது எனாமலில்தான். பூச்சு எத்தனை அடுக்கு, இரும்போடு எவ்வளவு ஒத்து விரிந்து சுருங்கும் என்பவற்றைக் கடையில் நின்று கண்ணால் அறிய இயலாது. நெடுநாள் உழைப்பில்தான் அவை தெரியும். ஆகவே உத்தரவாதத்தைக் கேட்டு வாங்குக. உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குழியும் கொப்புளமும் தெரியும். அவை உள்ளதை விலக்குக. வெளிப்புறத்தில் நிறம் சற்றே திட்டாக இருப்பதனால் சமையலுக்கு இழுக்கு இல்லை. அத்தகைய சிறு குறையுள்ளவற்றை ஆலையினரே இரண்டாந்தரம் என்று விலை குறைத்து விற்பதுண்டு. வறியவர் பெயர்பெற்ற சட்டியை அடைய அதுவே நேர்வழி என்பேன். பழையதை வாங்கினால் உட்பூச்சு பெயர்ந்ததைத் தொடாதீர்கள். இன்னார் செய்தது என்று தெரியாத மிகப் பழைய சட்டியையும் விட்டுவிடுங்கள்; முற்காலப் பூச்சுகளில் ஈயம் சேர்ந்ததுண்டு.

வாங்கிய பின் வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் வைக்கக் கூடாது; சுடும் சட்டியில் குளிர்நீர் ஊற்றவும் கூடாது; பூச்சு கண்ணாடி அன்றோ? விளிம்பில் எனாமல் மெல்லியதாய் இருக்கும் இடத்தில் செம்புள்ளி தோன்றினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டா. அது துருதான். துடைத்து, சிறிது எண்ணெய் தடவி வைத்தால் போதும்.