அலமாரியை விட்டு வெளிவந்த ஆய்வேடுகள்

முனைவர் பட்டத்திற்கு எழுதப்பெறும் ஆய்வேட்டை எத்தனை பேர் படிக்கின்றனர்? தேர்வாளர் சிலர்; பிறகு நூலக அலமாரிதான். 1987இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், ஆய்வேடுகளை நுண்படச் சுருள்களாக்கி விற்றுவந்த நிறுவனம் ஒரு கூட்டம் கூட்டியது. ஆய்வேட்டைக் கணிப்பொறிக் கோப்பாகவே பெறலாமே என்ற பேச்சு அங்கு எழுந்தது. பத்தாண்டு கழித்து, 1997இல், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் அதைக் கட்டாயமாக்கிற்று. இணையத்தில் வெளியானதை ஆய்விதழ்கள் ஏற்குமா என்ற அச்சம் எழாமலில்லை. ஆகவே, விரும்பினால் சிலகாலம் வளாகத்தினர் மட்டும் காணுமாறு வைக்க இடமளித்தனர். நியாயமான ஏற்பாடுதான்!

இந்தியாவில் 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு மின்படியைக் கேட்டது. அவற்றைத் திரட்டி எவரும் படிக்க வைத்திருப்பது காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’. தாளைக் கரையான் அரிக்கும். கோப்போ, திறக்கும் மென்பொருள் மறைந்தாலே பயனற்றுப்போகும். நூலகர் அதைக் காலந்தோறும் புதிய வடிவுக்கு மாற்றி, வேறோர் ஊரிலும் ஒரு படி வைத்திருத்தல் வேண்டும்.