மறைந்த திருப்பதிகளும் கல்லெழுத்தும்

தேவாரத்தில் பயிலும் ஊர்ப்பெயர்கள் சிலவற்றை இன்று சொல்லி வினவினால் வழிகாட்டுவார் அரியர். திருக்கருப்பறியலூர் தலைஞாயிறு என வழங்குகின்றது. திருநனிபள்ளி புஞ்சையாயிற்று. திருமுதுகுன்றமோ விருத்தாசலம் என வடமொழிப் பெயர் பூண்டது. இவை தமக்கெனப் பதிகம் உடையவை. வழிபாடும் தொடர்ந்து வந்தமையால் ஐயத்துக்கு இடமில்லை. தனிப்பதிகம் இன்றிப் பிற பதிகங்களினிடையே பெயர் மட்டும் வரப்பெற்ற வைப்புத் தலங்களைத் தேடுவதே அருமையுடைத்து.

இத்தேட்டத்துக்கு அருளாளர்களே வழி வகுத்துள்ளனர். திருநாவுக்கரசு நாயனார் அடைவு திருத்தாண்டகத்தில் பள்ளி, குடி, ஊர், வாயில், துறை என முடியும் பதிகளை இனம் இனமாக நிறுத்தினார். தம்பிரான் தோழரோ திருநாட்டுத்தொகையில் ஊரோடு நாட்டையும் சேர்த்தருளினார். ஒரே பெயருடைய ஊர்கள் பலவாகத் தமிழகத்தில் நாட்டுப்பெயர் தெரிவது பாதி வழி கடந்தது போலாம்.

பெயரொப்புமை ஒன்றையே நம்புதல் ஆகாது. நெல்வாயில் என்பது தில்லையை அடுத்த சிவபுரிக்கும் பெயர்; பெண்ணாகடத்தை அடுத்த அரத்துறைக்கும் அடைமொழி. அச்சிவபுரியிலேயே திருக்கழிப்பாலைப் பெருமானும் எழுந்தருளியிருக்கின்றார். பழைய கோயில் கொள்ளிட வெள்ளத்தால் அழிவுற்றமையின் பெருமானை இங்குக் கொணர்ந்து அமைத்தனர். ஆகவே பதிகம் பாடும் உப்பங்கழியைச் சிவபுரி வீதியில் தேடுவார் ஏமாறுவர்.

ஐயத்தை அறுப்பது கல்லெழுத்தே. நிலமோ விளக்கோ ஈந்த அடியார், இன்ன வளநாட்டு இன்ன நாட்டு இன்ன ஊர் மகாதேவர்க்கு என முழுமுகவரியும் பொறித்துவைத்தனர். முதலாம் இராசராசன் தன் விருதுப்பெயர்களால் வளநாடுகளை வகுத்தான். பின்வந்தோர் காலத்தில் அப்பெயர்களுட் சில மாறின. உள்ளடங்கிய நாட்டின் பெயர் பெரும்பாலும் மாறாமையின் அதுவே உறுதியான பற்றுக்கோடு.

கல் ஊரை மட்டுமன்றிப் பதிகத்தையே மீட்டுத் தந்த இடமும் ஒன்று உண்டு. திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க்குரிய திருஞானசம்பந்தர் பதிகம் ஏட்டுச் சுவடிகளில் கிடைத்திலது. 1917ஆம் ஆண்டு அவ்வூர்க் கோயிற் கல்வெட்டில் அது காணப்பட்டது. தில்லையில் செல்லரித்துப் போன ஏடுகளை எண்ணி வருந்திய சைவவுலகுக்கு இஃது எத்துணைப் பேறு! 274 என எண்ணிவந்த பாடல்பெற்ற பதிகளோடு இடைவாயும் ஒன்றாகச் சேர்ந்தது.

1917க்கு முன்னர் நிகழ்ந்த யாதேனும் ஒரு திருப்பணியில் அக்கல்லைப் பெயர்த்துப் படிக்கட்டில் இட்டிருந்தால், அப்பதிகம் இருந்ததென்பதும் எவர்க்கும் தெரிந்திராது. எழுத்துடைய கற்களைத் தலைகீழாக வைத்துக் கட்டிய மதில்கள் பலவற்றை இன்றும் காணலாம். சுண்ணமும் சிமெந்தும் பூசி எழுத்தை மூடிய சுவர்களும் உள. மணல் பீய்ச்சித் துலக்குவதோ எழுத்தின் விளிம்பையே அரித்துவிடும். அன்பினால் செய்யும் பணியே அடியார் பெயரை அழித்தல் கொடிது.

கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளைச் சுவரில் ஒட்டித் தூரிகையால் தட்டி மசி ஒற்றிப் படியெடுப்பர். பாலாலயம் செய்து கற்களைப் பிரிக்குமுன் இதனை முடித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, இருந்த வரிசையிலேயே மீண்டும் அமைத்தல் வேண்டும். இதற்காகும் செலவு, புதிய மண்டபத்தின் ஒரு தூணுக்கு ஆவதினும் சிறிதே.