பிழையை ஏற்கும் பாட்டு

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்க்குச் சில சொற்கள் நாள்தோறும் எதிர்ப்பட்டு, நாள்தோறும் தொல்லை தருவதுண்டு. அரசாங்கக் கோப்புகளில் ‘அக்கௌன்டபிலிட்டி’ என்று ஒரு சொல் வரும். அதனைப் ‘பொறுப்பு’ என்று எழுதினால் பொருள் பாதிதான் கிடைக்கிறது. பொறுப்பு என்பது செயலுக்கு முன்னே ஒருவரிடம் ஒப்படைக்கப்படுவது. இந்தச் சொல்லோ, செயல் முடிந்த பின்பு, ‘நீ செய்ததற்குக் கணக்குச் சொல்’ என்று கேட்பது. ‘ஹீலிங்’ என்னும் மற்றொரு சொல்லுக்கு நம் மொழியில் எளிதாக விடை அமைந்திருக்கிறது. புண்ணும் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. ஆறுதல் என்னும் ஒரு சொல்லே இரண்டுக்கும் போதும். செய்ததற்குக் கணக்குச் சொல்வதற்கும், பட்ட புண் ஆறுவதற்கும் என்ன தொடர்பு? இவ்வினாவை எழுப்பிய ஓர் இசைத் தொகுப்பைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஒருவர் பாடிய ராப் பாட்டுத் தொகுப்பு அது.

ராப் என்றதுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. இரைச்சல் என்பர், வசை என்பர், பாட்டா பேச்சா என்றும் கேட்பர். ஆனால் வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் வீடுகளில் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். மும்பைத் தாராவியில் தமிழ் இளைஞர்களே அதைப் பாடுகிறார்கள். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தில் தாராவிக் குழுவினரின் ராப் பாட்டு இடம்பெற்றதை நேயர்கள் நினைவு கூரலாம். பிள்ளைகள் விரும்பிக் கேட்பது இன்னதென்று பெற்றோரும் ஒருமுறை செவி கொடுத்துக் கேட்பது நன்று.

இவ்வகைப் பாட்டின் பிறப்புக்கு நாளும் இடமும் குறித்து வைத்திருக்கிறார்கள். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூவிலுள்ள 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. ஜமெய்க்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த கிளைவ் காம்ப்பெல் என்னும் இளைஞர், அக்கூட்டத்தில் இசைத்தட்டுகளை ஓட்டினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை, இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீளச் செய்தார். அந்தத் தாளத்தின் மேல் சொல் அடுக்கிப் பேசும் வழக்கமே ராப் ஆயிற்று. 1979-இல் அது இசைத்தட்டாக விற்பனையில் வெற்றி கண்டது. 1982-இல் ‘தி மெஸேஜ்’ என்னும் பாட்டு, பிராங்க்ஸ் தெருக்களின் வறுமையையும் அச்சத்தையும் உலகுக்கு எடுத்துரைத்தது.

தொடக்க முதலே இப்பாட்டில் ‘நான்’ என்னும் சொல்லுக்கு முதலிடம் உண்டு. நானே வல்லவன், என்னை வெல்வார் யார் என்று மார்தட்டுவது இதன் மரபு. ‘இவ்வளவு செருக்கா!’ என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்த ‘நான்’ எத்தனை தலைமுறைகளாக மறுக்கப்பட்ட ஒன்று என்பதை அறிந்தால், செருக்கின் பின்னுள்ள வலி விளங்கும். அதற்கு நாம் வரலாற்றில் சற்றுப் பின்னே செல்ல வேண்டும்.

இன்றைய ஐக்கிய அமெரிக்க நாடு ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த காலத்தில், 1662-ஆம் ஆண்டில், வர்ஜீனியாவின் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிறக்கும் குழந்தை அடிமையா அன்றா என்பது தாயின் நிலையைக் கொண்டு தீர்மானிக்கப்படும் என்பது அதன் சாரம். ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளையின் நிலை தந்தையைச் சார்ந்தது. அவ்வழக்கத்தை இங்கே மட்டும் ஏன் தலைகீழாக்கினர்? அடிமைப் பெண்ணிடம் எசமானனுக்குப் பிறந்த பிள்ளையும் அடிமையே. அப்பிள்ளைக்கு அவன் எந்தக் கணக்கும் சொல்ல வேண்டுவதில்லை. அடிமையாக இருந்த தந்தைக்கோ தன் மனைவியையும் மக்களையும் காக்கும் உரிமையே இல்லை. ஒரு தந்தையிடமிருந்து கடமையையும், மற்றொரு தந்தையிடமிருந்து உரிமையையும் ஒரே சட்டம் பறித்துவிட்டது. 1865-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத் திருத்தத்தினால் அடிமை முறை ஒழிந்தபோது, விற்றுப் பிரிக்கப்பட்ட தாயையும் பிள்ளையையும் தேடி மக்கள் செய்தித்தாள்களில் அறிவிப்புகள் வெளியிட்டனர். பல ஆண்டுகள் வரை அவ்வறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன.

1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள், தென் மாநிலங்களை விட்டு வடக்கும் மேற்கும் நோக்கிக் குடிபெயர்ந்தனர். புலம்பெயர்ந்தவர்கள் மூட்டை முடிச்சுகளை மட்டுமா கொண்டு செல்கிறார்கள்? பழைய அச்சங்களும், வெளியே சொல்லக் கூடாதென்று மூடிவைத்த வீட்டுச் செய்திகளும் உடன் செல்கின்றன. இதனை ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் காம்ப்டன் நகருக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தில், 1987-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் பிறந்தவர் கென்ட்ரிக் லமார். 1988-இல் வெளிவந்த ஓர் இசைத் தொகுப்பின் வாயிலாக அந்நகரின் பெயர் ராப் உலகெங்கும் பரவியிருந்தது. பக்கத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1992-ஆம் ஆண்டுக் கலவரத்தில் பற்றியெரிந்தபோது அவருக்கு ஐந்து வயது நிரம்பவில்லை.

வளர்ந்து கவிஞரான லமார், 2015-இல் பாடிய ஒரு பாட்டு, காவல்துறையின் கொடுமைகளை எதிர்த்து ஊர்வலம் சென்றவர்களின் முழக்கமாயிற்று. 2017-இல் வெளிவந்த ‘டேம்’ என்னும் தொகுப்புக்கு மறு ஆண்டில் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. மேனாட்டுச் சாத்திரிய இசையும் ஜாஸ் இசையும் அல்லாத ஒரு படைப்புக்கு அவ்விசைப் பரிசு வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. தம் இனத்தின் வழிகாட்டி இவரே என்று பலரும் போற்றினர். அப்புகழின் உச்சியில் அவர் மௌனமானார். ‘டேம்’ வெளிவந்து 1855 நாட்கள் கழித்து, 2022-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள், ‘மிஸ்டர் மொரேல் அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ்’ வெளிவந்தது. பகுதிக்கு ஒன்பதாக இரு பகுதிகளில் 18 பாட்டுகள் கொண்டது இது. மேலட்டைப் படத்தில் கவிஞர் முள்முடி தரித்து, மகளைக் கையில் ஏந்தி நிற்கிறார். அவருடைய இடுப்பில் கைத்துப்பாக்கி செருகியிருக்கிறது. பின்னே துணைவியார் கைக்குழந்தையோடு கட்டிலில் அமர்ந்திருக்கிறார். போற்றுவோர் சூட்டிய முள்முடியும், தாம் இன்னும் கழற்றாத துப்பாக்கியும் ஒரே உடம்பில்! தொகுப்பின் பொருள் முழுவதும் அப்படத்திலேயே இருக்கிறது எனலாம்.

மார்தட்டும் மரபில் வந்த ஒருவர் தம் பிழையைப் பாடுவது முற்றிலும் புதிதன்று. 2017-ஆம் ஆண்டில் ஜே-ஸீ என்னும் மூத்த கலைஞர், மனைவிக்குத் தாம் செய்த துரோகத்திற்கு வருந்தி ஒரு பாட்டுப் பாடியிருந்தார். லமார் அவ்வழியில் மேலும் ஒரு படி இறங்கிச் செல்கிறார். ‘பிழை செய்தேன்’ என்பதோடு நில்லாமல், ‘இப்பிழையின் வேர் எங்கே?’ என்றும் தோண்டிப் பார்க்கிறார்.

தொகுப்பின் தொடக்கத்தில் அவருடைய துணைவியின் குரல், உண்மையைச் சொல்லும்படி அவரைத் தூண்டுகிறது. ‘ஃபாதர் டைம்’ என்னும் பாட்டில், மனநல மருத்துவ உதவியை நாடும்படி அவர் சொல்ல, கவிஞர் மறுக்கிறார். ஏன் மறுக்கிறார் என்பதற்கு விடையாகத் தந்தையின் சித்திரம் எழுகிறது. தம் தாய் இறந்த பின் விரைவிலேயே வேலைக்குத் திரும்பிவிட்ட தந்தை அவர். ‘ஏன் இவ்வளவு விரைவில்?’ என்று மகன் கேட்க, வாழ்க்கை அப்படித்தான், கட்ட வேண்டிய பணம் காத்திருக்குமா என்கிறார். கண்ணீரை விழுங்குவதே ஆண்மை என்னும் பாடம் அங்கே கற்பிக்கப்படுகிறது. அன்பில்லாதவர் அல்லர் அத்தந்தை. உலகம் கொடியது என்பதை அறிந்தவர். அவர் மகனுக்கு அணிவித்த கவசமே பின்னாளில் மகனுக்குச் சிறையாயிற்று.

‘மதர் ஐ சோபர்’ என்னும் பாட்டே தொகுப்பின் உயிர்நிலை. அடங்கிய பியானோ ஒலியின் மேல் கவிஞர் ஏறக்குறையத் தாழ்குரலில் பேசுகிறார். உறவினன் ஒருவன் தீங்கிழைத்தானா என்று பெரியோர் கேட்க, இல்லை என்கிறான் சிறுவன், அவர்கள் நம்பவில்லை. தம் சொல்லைத் தாய் ஏன் நம்பவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்தே அவருக்கு விளங்குகிறது. அத்தீங்கு சிகாகோவில் தாய்க்கே நேர்ந்திருந்தது. தன் புண்ணின் வழியாகவே அவள் மகனைப் பார்த்தாள். அங்கிருந்து பாட்டு அடிமைக் காலத்திற்குப் பின்னோக்கிச் செல்கிறது: பெண்கள் சிதைக்கப்பட்டதும், ஆண்கள் அதைக் கண்டும் தடுக்க இயலாமல் நின்றதும் நினைக்கப்படுகின்றன. 1662-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வீட்டின் முற்றம் வரை வந்துவிட்டது அன்றோ?

இவ்விடத்தில் எவரும் எளிதாகச் சொல்லிவிடக் கூடிய ஒன்றுண்டு: ‘குற்றம் என்னுடையதன்று, வரலாற்றினுடையது.’ லமார் அதைச் சொல்லவில்லை. அதே பாட்டில், துணைவிக்குத் தாம் இழைத்த துரோகத்தைத் தம் வாயால் ஒப்புக்கொள்கிறார். தீங்குக்கு ஆளானதையே தன் அடையாளமாகக் கொள்வதன் கேட்டினை, எக்கார்ட் டோலி என்னும் ஆன்மிக எழுத்தாளரின் குரலும் இத்தொகுப்பில் எச்சரிக்கிறது. வரலாறு ஒரு பிழையின் காரணத்தை விளக்கலாம். பிழைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் பிழை செய்தவனே. இத்தெளிவு வந்த பின்னரே, தாயை வெட்கத்திலிருந்தும் தம்மைக் குற்ற உணர்விலிருந்தும் விடுவிப்பதாக அவர் பாடுகிறார். பாட்டின் முடிவில் அவருடைய மகளின் சிறு குரல் நன்றி கூறுகிறது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன், தன் தீர்ப்பு பிழைத்ததென்று அறிந்த கணமே உயிர் நீத்தான். அரசனுக்கு அது தகும். இல்லறத்தானுக்கு அவ்வழி இல்லை. பிழையை ஒப்புக்கொண்ட மறுநாளும் அவன் அதே வீட்டில், அதே மனைவி மக்களின் முகத்தில் விழிக்க வேண்டும். இறப்பதினும் அரியது அது. இத்தொகுப்பு பாடுவது அந்த மறுநாளைத்தான்.

ஆயினும் குறை சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. பெண்ணொருத்தி தொடர்பான வழக்கில், 2021-இல் தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பாடகருக்கு இத்தொகுப்பில் இடமளித்தது கண்டிக்கப்பட்டது. ‘ஆன்ட்டி டைரீஸ்’ என்னும் பாட்டு, பாலினம் மாறிய உறவினர்பால் தாம் அறியாமையால் நடந்துகொண்டதற்கு வருந்துகிறது. ஆனால் வருந்தும்போதே பழைய இழிசொல்லைப் பலமுறை உச்சரிப்பது, அச்சொல்லால் அடிபட்டவர்க்கு மறுபடியும் அடியாகாதா என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்வி. தொகுப்புக்கு 2023-இல் சிறந்த ராப் தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. மறு ஆண்டிலேயே இக்கவிஞர் டிரேக் என்னும் பாடகரோடு கடுமையான வசைப்பாட்டுப் போரில் இறங்கினார். அவ்வசைப்பாட்டுகளுள் ஒன்று 2025-இல் ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது. பிழையை ஏற்ற பாட்டைவிட வசைப்பாட்டுக்கு உலகம் மிகுதியாகக் கைதட்டியது என்பதும் எண்ணத்தக்கது.

இவற்றிலிருந்து நான் கொள்ளும் கருத்து இது. பிழையை ஒப்புக்கொண்டவன் மனப்பாரம் குறைந்து ஆறுதல் பெறலாம். அவனால் புண்பட்டவரின் ஆறுதல் அதனால் தானே வந்துவிடாது. மன்னிப்பதும் மறுப்பதும் அவர் உரிமை. அவருடைய காலக் கணக்கு வேறு. கணக்குச் சொல்பவன் செய்யக்கூடியது, மூடிவைத்த புண்ணைத் திறந்து கழுவுவதே. புண் ஆறுவதற்கு நாட்கள் ஆகும். ஒருமுறை கழுவியதோடு வேலை முடிவதுமில்லை.

நம் வீடுகளிலும் தந்தையர் சொல்லாமல் விட்டவை உண்டு. தாய்மார் சொல்ல முடியாமல் புதைத்தவை உண்டு. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த பிறகு அவற்றைக் கேட்பாரும் குறைந்துபோகின்றனர். அடுத்த அறையில் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டில் இன்னது பேசப்படுகிறது என்று அறிந்தால், ‘அதைக் குறைத்து வை’ என்று சொல்வதற்கு முன், ‘அதில் என்ன சொல்கிறார்?’ என்று ஒருமுறை கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்கும் தந்தையிடம், பிள்ளைக்கும் கேட்பதற்குச் சில கேள்விகள் இருக்கக்கூடும். அவற்றுக்கு விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருப்போமாக.