மார்பகக் குறுமணி உயிரணுக் கட்டி

மார்பகக் குறுமணி உயிரணுக் கட்டி அல்லது கிரானுலர் செல் கட்டி என்பது மார்பகத்தில் அரிதாகத் தோன்றும் தீங்கற்ற கட்டிகளுள் ஒன்றாகும். நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள சுவான் உயிரணுக்களில் இருந்து இது உருவாகிறது. இவ்வகைக் கட்டி நாக்கு, தோல் முதலிய இடங்களிலேயே மிகுதியாக ஏற்படுகிறது; ஏறத்தாழ 5 முதல் 8 விழுக்காடு மட்டுமே மார்பகத்தில் காணப்படுகிறது. தொட்டுப் பார்க்கும்போதும் கதிர்ப்படத்திலும் மார்பகப் புற்றுநோயை ஒத்திருப்பதால், இதனைச் சரியாக இனங்காணுதல் இன்றியமையாதது ஆகும்.

வரலாறு

உருசிய நோயியல் அறிஞர் அலெக்சி அப்ரிகோசொவ் இவ்வகைக் கட்டியை 1926 ஆம் ஆண்டிலும், மார்பகத்தில் தோன்றுவதை 1931 ஆம் ஆண்டிலும் விவரித்தார். தசையின் முன்னோடி உயிரணுக்களில் இருந்து தோன்றுவதாகக் கருதப்பட்டதால், இது நெடுங்காலம் மயோபிளாஸ்டோமா எனப்பட்டது. பிற்கால ஆய்வுகள் இதன் நரம்புறைத் தோற்றத்தை நிறுவின. இக்கட்டிகள் பலவற்றில் ஏடிபி6ஏபி1, ஏடிபி6ஏபி2 ஆகிய மரபணுக்களுள் ஒன்று செயலிழந்திருப்பது 2018 இல் கண்டறியப்பட்டது. இதனால் உயிரணுவினுள் உள்ள நுண்பைகள் போதிய அமிலத்தன்மை அடையாமல், குறுமணிகள் தேங்குகின்றன.

அறிகுறிகள்

பெரும்பாலும் 30 முதல் 50 வயது வரையான பெண்களில் ஏற்படுகிறது. ஆண்களிலும் அரிதாகக் காணப்படுகிறது. பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, வலியற்ற, கடினமான கட்டியாக இருக்கும். மேலுள்ள தோல் உள்நோக்கி இழுக்கப்படலாம். மார்பகப் புற்றுநோய் மேல் வெளிப்புறக் காற்பகுதியில் மிகுதியாகத் தோன்ற, இக்கட்டி மேல் உட்புறக் காற்பகுதியில் கூடுதலாகத் தோன்றுகிறது. எனினும் இருப்பிடத்தை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்ய இயலாது.

கண்டறிதல்

மார்பகக் கதிர்ப்படத்தில் (மாமோகிராம்) ஒழுங்கற்ற, முட்கள் நீண்டது போன்ற விளிம்புடன் தென்படலாம். மீயொலிச் சோதனையில் கட்டியின் பின்புறம் நிழல் விழலாம். இவை இரண்டும் புற்றுநோய்க்கும் உரிய தோற்றங்களே. ஆகவே தடித்த ஊசியால் எடுக்கப்படும் திசுவின் ஆய்வே முடிவைத் தருகிறது.

நுணுக்குக்காட்டியில் இளஞ்சிவப்புக் குறுமணிகள் நிறைந்த பெரிய உயிரணுக்களும் சிறிய உட்கருக்களும் தெரியும். எஸ்-100 என்னும் புரதத்திற்கான சோதனை நேர்மறையாகவும், புற்றுநோய் உயிரணுக்களில் காணப்படும் சைட்டோகெராட்டின் புரதத்திற்கான சோதனை எதிர்மறையாகவும் அமையும். அறுவையின்போது விரைந்து செய்யப்படும் உறைதிசுச் சோதனையில் இக்கட்டி புற்றுநோயாகப் பிழைபடக் கருதப்படலாம். இத்தகைய பிழையால் முழு மார்பகமும் தேவையின்றி அகற்றப்பட்டதுண்டு.

சிகிச்சை

கட்டியைச் சுற்றியுள்ள சிறிதளவு நலமான திசுவுடன் சேர்த்து முழுமையாக வெட்டியெடுப்பதே சிகிச்சை ஆகும். தீங்கற்ற வகைக்கு வேதிச்சிகிச்சையோ கதிர்ச்சிகிச்சையோ தேவையில்லை. அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றவும் வேண்டியதில்லை. முழுமையாக நீக்கப்படாவிடில் மீண்டும் வளரக்கூடும் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை.

தீங்கான வகை மிக அரிது. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அளவு, விரைவான வளர்ச்சி, மிகுதியான உயிரணுப் பிரிவு, திசு இறப்பு ஆகியன அதற்கான ஐயத்தை எழுப்பும். சிலருக்கு உடலின் வேறு இடங்களிலும் இதே கட்டி தோன்றுவதால், தோலையும் வாயையும் சோதித்துப் பார்ப்பது பயன் தரும்.